பெர்லிதாவின் தலையாட்டிக் குழு

பெர்லிதாவுக்கு உட்காரத் தெரியாது. எங்கள் ஊரான ஒலொங்காப்போவில் என் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில்தான் அவளுடைய இசைக்குழு ஒத்திகை பார்க்கும். மற்றவர்கள் வரும்வரை கடைக்கும் கொட்டகைக்கும் நடையாய் நடப்பாள். போகிற போக்கில் என் சட்டியைத் திறந்து பார்ப்பாள், பாதிப் பாட்டை முணுமுணுப்பாள், தெருவை எட்டிப் பார்ப்பாள்.

"ஏன்டி, தரை தேஞ்சு போச்சுன்னா நீயா பூசிக் குடுப்ப?" என்று கத்துவேன்.

"அவனுங்க நேரத்துக்கு வந்தா நான் ஏன் நடக்கப் போறேன், சோலெங் அக்கா?"

குழுவில் நாலு பேர். பெர்லிதா பாடுவாள். பாஸ் கிதார் வாசிக்கும் ரோடெல் பன்றி வளர்ப்பவன். கல்யாணத்திலோ ஞானஸ்நானத்திலோ வாசித்து, வயிறாரச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பெண்டாட்டியிடம் போனால் அவனுக்கு அதுவே சொர்க்கம். கிதார்க்காரன் வின்ஸ்டன் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவன். அடுத்தவர் பாட்டை வாசிக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். டிரம்ஸ் அடிக்கும் நோலியோ வந்தால் வந்தான், இல்லாவிட்டால் இல்லை.

பெர்லிதாவின் ஆசை ஒன்றே ஒன்று. வெளிநாட்டு ஓட்டல் மேடையில் பாட வேண்டும். நாற்பதைத் தாண்டிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் எந்த ஏஜென்சியும் அவளைத் திரும்பிப் பார்க்காது. அந்த நேரத்தில்தான் பாங்காக் ஓட்டல் ஒன்று குழு தேடுவதாகச் செய்தி வந்தது.

இங்கேதான் கோட்டை விட்டாள். ரோடெலின் பிறந்தநாள் விருந்தில், எல்லார் தட்டிலும் நூடுல்ஸ் இருக்கும்போது, சுற்றம் சூழ நடுவில் நின்று கேட்டாள். "பாங்காக் போலாமா? என்ன சொல்றீங்க?"

"போலாம்க்கா! நீ சொன்னா சரிதான்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். ரோடெலின் பெண்டாட்டி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பத்துப் பேர் முன்னால் கேட்டால் எவன் மாட்டேன் என்பான்? கேட்டவளின் முகம் என்னாவது? இதையெல்லாம் தனித்தனியாக, வேறு ஆளை விட்டுக் கேட்க வேண்டும். நான் எதற்கு இருக்கிறேன்? என்னிடம் சொல்லியிருந்தால் சோறு போடும் சாக்கிலேயே மூன்று பேர் மனதிலும் இருப்பதைக் கறந்திருப்பேன். இதே ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கொட்டகையில் பாட்டைவிடச் சாக்குதான் அதிகம் கேட்டது. பன்றி குட்டி போட்டிருக்கிறது. மச்சானுக்குக் காய்ச்சல். பாஸ்போர்ட் என்னாச்சு என்றால், "இந்த வாரம் போயிடுறேன்க்கா." பெர்லிதாவுக்குத் தூக்கம் போனது. வராத நோலிக்குப் பதிலாகத் தானே டிரம்ஸில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு பாடினாள். கேட்கச் சகிக்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

தேர்வு நாளில் மூவரும் குளித்து, தலை சீவி, மணிலாவுக்கு வந்தார்கள். வராமல் இருப்பதும் மாட்டேன் என்பதும் ஒன்றுதானே! அன்றைக்கு அவர்கள் வாசித்த மாதிரி எப்போதும் வாசித்ததில்லை என்று பெர்லிதாவே சொன்னாள். ஏஜென்சி அம்மாள் எழுந்து கைதட்டிவிட்டுப் பாஸ்போர்ட் கேட்டாள். மூவரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பெர்லிதாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். பாங்காக்கில் இன்னொரு குழுவின் பாடகி பிரசவத்துக்கு ஊர் திரும்புகிறாளாம், அந்த இடத்துக்கு உடனே ஆள் வேண்டுமாம்.

மறுநாள் மதியம் நால்வரும் என் கடையில் இருந்தார்கள். ரோடெல் சோற்றைப் பிசைந்தபடி, "சனிக்கிழமை ஒத்திகை உண்டுதானக்கா?" என்றான்.

"நான் வர மாட்டேன். பாங்காக் போறேன். தனியா."

'மாட்டேன்' என்ற வார்த்தையை இப்படி ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி நான் கேட்டதில்லை.

வின்ஸ்டன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ஒத்திகைக்கு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பியிருக்கலாமேக்கா. எதுக்கு இப்படி அடிக்கிற மாதிரி?"

"நீங்க எனக்குச் சொன்னீங்களே, அப்படியா?"

நோலி தட்டோடு வெளியே போய்விட்டான். ரோடெல் அழுதான். பொய் அழுகை இல்லை, அவளைச் சொந்த அக்காவாகவே நினைத்தவன். ஆனால் அழுகைக்கு நடுவே அவன் தோள் தளர்ந்தது. இனி பாங்காக் போக வேண்டாம். அந்த நிம்மதியை நான் பார்த்தேன். பெர்லிதாவும் பார்த்துவிட்டாள்.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" அவள் குரல் உடைந்தது.

ரோடெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ கேட்டப்போ எல்லாரும் இருந்தாங்களேக்கா."