சான்றிதழின் பின்னட்டை

திருப்பதியில் படித்த வருடங்களில், மத்தியானத்துக்கு மேல் ஒரு படக்கடையில் வேலை பார்த்தேன். கடையின் முன்பக்கம் முழுக்கப் பெருமாளும் தாயாரும். பின்பக்கம், நீள மேசைக்கு முன்னால், நான். கண்ணாடி வெட்டுவதும் சட்டம் அடிப்பதும் மற்றவர்கள். பின்னட்டை மட்டும் என் பொறுப்பு. அதனால் அந்தத் தெய்வங்களின் முகம் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. முதுகுதான் தெரியும்.

பின்னட்டையை யாரும் பார்க்கப்போவதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிற பொருள் அது. ஆனாலும் அது கோணினால் படம் கோணும். அது ஈரம் குடித்தால் படமும் குடிக்கும். ஹார்ட்போர்டு கெட்டியானது, ஆனால் வருடம் போகப் போக அதன் பழுப்பு மெல்லப் படத்தின் மேல் ஏறும். பிளைவுட் சின்னப் படத்துக்குக் கனம். எனக்குப் பிடித்தது சாம்பல் நிற மில்போர்டு. தாள் தாளாக அழுத்திச் செய்த அட்டை. கட்டு வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு வழியாகப் பார்ப்பேன். வளைந்தது தனியாகப் போகும். நகத்தால் சுண்டினால் வறண்ட அட்டை டக்கென்று பதில் சொல்லும். ஈரம் குடித்தது முனகும்.

வெட்டும்போது அவசரமே கூடாது. இரும்பு ஸ்கேலை இடது கையால் அழுத்திப் பிடித்து, முதல் தடவை கட்டரை வெறுமனே கோடு போல இழுக்க வேண்டும். இரண்டாவது தடவை கத்தி அந்தக் கோட்டிலேயே தானாக ஓடும். நான்காவதிலோ ஐந்தாவதிலோ, ஒரு கணம், கையில் எடையே இல்லாமல் போகும். அட்டை பிரிந்துவிட்டது என்று அப்போதுதான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருக்கும். நான் கடையில் இருக்கிறேனா, அந்த மேகத்துக்குள் இருக்கிறேனா என்பதே சில நாள் மறந்துபோகும். விரல் மட்டும் இடம் மாறாமல் இருக்கும். அந்தத் தெருவில் என்னளவுக்குச் சுத்தமாக வெட்டுகிறவர் யாரும் இல்லை. கூச்சமில்லாமல்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி ஊரில். நைனாவும் அம்மாவும் தறியில் உட்காருகிறவர்கள். இருவருக்கும் தமிழிலும் எழுத வராது, தெலுங்கிலும் எழுத வராது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தபோது, நகலைச் சட்டம் போட்டு மாட்டு என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. நகலை மாட்டவா இவ்வளவு தூரம் படித்தேன்? அந்தப் பெருமை முழுக்க என்னுடையது.

இருந்ததிலேயே நேரான மில்போர்டைத் தேடி எடுத்தேன். சட்டத்தின் உள்பள்ளத்தைவிட ஒரு நூலிழை குறைவாக வெட்டினேன், மழைக்காலத்தில் அட்டை உப்பினால் இடம் வேண்டுமே. ஒரு சொட்டுப் பசை படாமல், நான்கு மூலைக்கும் தாளில் முக்கோணப் பை செய்து அதற்குள் சான்றிதழைச் செருகினேன். ஆணிகளை என் வழக்கப்படி சாய்த்து அடித்தேன். நைனா அதைத் தறிக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் பி.எட். படிக்கத் திருப்பதிக்கே திரும்பிவிட்டேன்.

பி.எட். முடித்து, டீச்சர் வேலைப் பரீட்சையும் எழுதியிருந்த வருடம், அக்கினி வெயில் நாளில் போனில் செய்தி வந்தது. டீச்சர் வேலைக்கான பட்டியலில் என் எண் இருந்தது. வியாழக்கிழமை சித்தூரில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் கட்டாயம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊருக்கு வந்து, சட்டத்தை இறக்கித் திருப்பினேன். ஆணிகள் நேராக நின்றன. நான் நேராக அடிப்பதில்லை.

பிடுங்கிப் பார்த்தேன். தாள் முக்கோணங்களைக் காணவில்லை. சான்றிதழ் முழுசாக அட்டையோடு ஒட்டியிருந்தது.

"நைனா, இத்த யாரு தொறந்தது?"

தறிச் சத்தம் நின்றது. "மழைல நெளிஞ்சி பூட்ச்சிம்மா," என்றார் நைனா. "அலை அலையா நின்னுக்கினு இருந்திச்சி. நாலு பேரு வந்து பாக்கற எடம். அதான் கொஞ்சம் கஞ்சி போட்டு நீவி உட்டேன்."

"கஞ்சியா?"

"நல்ல கஞ்சிதான். பாவு நூலுக்குப் போடறது. ரெண்டு தபா வடிகட்டினேன்."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "நூலு நெளிஞ்சா கஞ்சி, வேட்டி நெளிஞ்சா கஞ்சி, இப்ப பொண்ணு படிப்புக்கும் கஞ்சி. உட்டா எனக்கும் போட்டு வெறப்பா நிக்க வெச்சிடுவாரு."

"உனக்கு இன்னாத்துக்கு? நீ போடாமயே வெறப்பாத்தான் நிக்கற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளான்னிக்கு சித்தூர்ல இத்த காட்டணும் நைனா. அட்டையோட எடுத்துக்கினு போனா ஒத்துக்க மாட்டாங்க. லேமினேஷன் பண்ணதையே ஒத்துக்கறதில்ல."

"உரிச்சி எடு."

"கிழிஞ்சா வேலை இல்ல. வேற வாங்கணும்னா மாசக்கணக்குல ஆவும்."

நைனா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த தறி நாடாவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். கஞ்சி ஊறினால் விடும், எனக்கும் தெரியும். ஆனால் கீழே பேனா மையில் போட்ட கையெழுத்து இருந்தது. ஊறினால் அதுவும் விட்டுப்போகும். சொம்பைத் தள்ளி வைத்தேன்.

பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, அதன் மேல் சான்றிதழைக் குப்புறப் படுக்கவைத்தேன். நான் தேர்ந்தெடுத்த அட்டை மட்டும்தான் அப்போது எனக்குத் துணை. ஹார்ட்போர்டாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். மில்போர்டு தாள் தாளாகப் பிரியும். கட்டர் நுனியை ஒரு மூலையில் படுக்கவைத்து நுழைத்து, முதல் தாளைக் கிளப்பினேன். பிறகு அடுத்தது. மூன்று வருடம் அட்டையைக் குறுக்கே வெட்டிய கை, இப்போது அதன் தடிமனுக்குள் நடந்துபோனது. சாம்பல் சுருள்கள் என் மடியிலும் தரையிலும் மேகம் போலக் குவிந்தன. பொழுது எப்படிப் போனது என்று தெரியாது. அம்மா இட்லியை ஊட்டிவிட்டாள் என்பது மட்டும் ஞாபகம்.

புதன்கிழமை காலையில் கடைசித் தாள் ஒன்றுதான் மிச்சம். கஞ்சி பட்ட தாள். அது அசையவில்லை. கத்தி நுழைந்தால் சான்றிதழில்தான் நுழையும். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு அனல்காற்று ஆரம்பித்தது. தறியில் நைனா முணுமுணுத்துக்கொண்டே அறுந்த இழையை முடிந்தார். முடிந்த கையோடு இன்னொன்று அறுந்தது.

"இந்தக் காத்துல நெய்ய முடியுமா? கஞ்சி மொறுமொறுன்னு காஞ்சிடுது. தொட்டா இழை பட்பட்டுன்னு உட்டுக்குது," என்று தறியைப் பார்த்துத் திட்டினார்.

சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு வெயில் காலத்திலும் கேட்ட புலம்பல்தான். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. நன்றாகக் காய்ந்தால் கஞ்சி நொறுங்கும்.

உருட்டிய பாயையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். பாய்ச் சுருளின் மேல், எழுத்துப் பக்கம் பாயைத் தொடுகிற மாதிரி அதைப் போட்டு, இரண்டு ஓரத்தையும் விரலால் பிடித்துக்கொண்டேன். வெயில் நேராகப் பட்டால் மை வெளுத்துவிடுமே என்று நினைத்தபோது நிழல் விழுந்தது. நைனா குடையோடு பின்னால் நின்றிருந்தார். மூச்சுகூட மெதுவாக விட்டார்.

காற்று எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தது. தூரத்து மலை வெயிலில் தண்ணீர் போல அசைந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ. ஓரத்தை ஒரு மயிரிழை வளைத்தேன். கடுகு வெடிக்கிற மாதிரி மிகச் சின்னதாக ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் வளைத்தேன். கடைசித் தாள் செதில் செதிலாகக் கிளம்பியது. ஊதினேன், பறந்தது. நடுவில், அட்டை பிரியும்போது வருமே, அந்த எடையில்லாத கணம், அதே மாதிரி ஒன்று கைக்குள் வந்து போனது. சான்றிதழ் தனியாக என் விரல்களில் நின்றது.

"கிழிஞ்சிதா?" என்றார் நைனா. அவர் கண் மூடியிருந்தது.

"இல்ல நைனா. கண்ணத் தொற."

வியாழக்கிழமை சித்தூரில் நீள வரிசை. என் முறை வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் சான்றிதழை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் தாளுக்குள் வந்து நின்றது. பின்பக்கம் திருப்பினார். வெளிர் மஞ்சளாகச் சில திட்டுகள்.

"என்னம்மா இது?" என்று தெலுங்கில் கேட்டார்.

"கஞ்சி, மேடம். எங்கப்பா நெசவு," என்று நானும் தெலுங்கில் சொன்னேன்.

விரலால் அந்தத் திட்டைத் தடவிப் பார்த்தார். முன்பக்கம் திருப்பி, கையெழுத்தை, முத்திரையை, எண்ணைப் பார்த்தார். பக்கத்தில் மற்றவர்களின் சான்றிதழ்கள் சுருண்டும் மடிந்தும் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே கிடந்தன. என்னுடையது அது இல்லாமலே மேசையில் தட்டையாகப் படுத்திருந்தது.

"காலையிலிருந்து இவ்வளவு நேரான தாள் ஒன்றும் வரவில்லை," என்று சொல்லி, என் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

திரும்பும் வழியில் ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்தேன். வீட்டுத் தரையில் புதிய மில்போர்டைப் போட்டு, முதல் கோடு மெதுவாக இழுத்தேன். நைனா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒரிஜினல் பீரோவுக்குள், ஃபைலில் போய்விட்டது. ஐந்தாவது இழுப்பில் அட்டை பிரிந்தது. நைனா விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

"மழை வந்தா இதுவும் நெளியுமே," என்றார் மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல்.

"போட்டுக்க நைனா."

எழுந்துபோய்க் கஞ்சிச் சட்டியை எடுத்தார். இந்த முறை மூன்று தபா வடிகட்டினார்.