மாளிகைச் சிவப்பு

சுண்ணாம்புக்காரரைத் திட்டும் உரிமை அவருடைய மனைவிக்கு மட்டும்தான் உண்டு. வேறு யாராவது வாயைத் திறந்தால் அவளே சண்டைக்கு வந்துவிடுவாள். கடலோரத்தில் துரைமார் விட்டுப்போன கட்டடங்களுக்கெல்லாம் வண்ணம் பூசிப் பிழைத்த மனிதர் அவர். சுங்க அலுவலகமோ பழைய சிறைச்சாலையோ, முதலில் சுவரைச் சுரண்டி அடியில் கிடக்கும் பழைய நிறத்தைக் கண்டுபிடிப்பார். பிறகு அதே மாதிரி சுண்ணாம்பில் கலந்து, தன் வீட்டு முன்சுவரில் ஒரு தீற்றுத் தீற்றிப் பார்ப்பார். சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு நிறம் காட்டும். அதை நம்பி நேரே கட்டடத்தில் கைவைக்கக் கூடாது என்பார். சரிதான். ஆனால் ஊர்க் கட்டடத்துக்கெல்லாம் ஒத்திகை பார்த்த அந்தச் சுவர் தேமல் விழுந்த முதுகு மாதிரி ஆகியிருந்தது.

"ஊரையே அலங்காரம் பண்றீங்க. நம்ம வீடு மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை" என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்தாள். அவரும் அன்றிலிருந்தே "ஆகட்டும்" என்று சொல்லிவந்தார்.

இப்போது அந்த "ஆகட்டும்" செல்லுபடியாகவில்லை. மகளுக்கு நிச்சயமான பையனின் அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார். வசதியான குடும்பம்.

"இந்தச் சுவத்தைப் பாத்துட்டு நம்ம பொண்ணைப் பத்தி என்ன நினைப்பாங்க? வெள்ளையடிக்கலேன்னா நான் வாசப்பக்கமே வரமாட்டேன்" என்றாள் மனைவி.

மனிதர் மனசே இல்லாமல் இழுத்தடித்து, அவர்கள் வரும் நாள் காலையில்தான் வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்தார். ஒரு பூச்சு முடிந்தது. ஆனால் சுண்ணாம்பு காயும்வரை அடியில் இருக்கும் எதையும் மறைக்காது. பழைய நிறங்கள் எல்லாம் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்தது.

"உள்ள வாங்க சம்பந்தி, வெயிலா இருக்கு" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தாள் மனைவி. சம்பந்தியம்மா நகரவில்லை. கதவோரம் இருந்த ஒரு மங்கிய சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த இடத்துக் கலருங்க?"

"கவர்னர் மாளிகைம்மா. சுரண்டினப்ப அடியில இதுதான் வந்துச்சு. அங்க இப்ப ஹோட்டல் நடத்துறவங்க இது வேணாம், வெள்ளை போதும்னுட்டாங்க" என்றார் சுண்ணாம்புக்காரர்.

"எங்கம்மா அங்க துணி துவைச்சாங்க, துரைமார் இருந்தப்ப. என்னை உள்ள விடமாட்டாங்க. அம்மா வர்ற வரைக்கும் பின்சுவத்துல சாஞ்சு நிப்பேன். சட்டை முதுகெல்லாம் இந்தச் சிவப்பா ஒட்டிக்கும். அம்மா வந்ததும் கையால தட்டி விடுவாங்க. ஈரக் கை, தட்டத் தட்ட இன்னும் அப்பிக்கும்..."

சொல்லிச் சிரித்தவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். வெயிலில் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. சிவப்பு ஓரத்திலிருந்து மங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது.

"போயிடுச்சே" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி.

சுண்ணாம்புக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பாவம், அவள் கேட்ட வெள்ளைதான், கேட்ட மாதிரியே வந்திருந்தது. அவள் உள்ளே போனாள். வாளி நிறையத் தண்ணீரோடு வந்து, சுவரில் ஓங்கி வீசி அடித்தாள். வெள்ளை கரைந்து அவள் கட்டியிருந்த புதுப்புடவையிலெல்லாம் வழிந்தது. சிவப்பு திரும்ப வந்தது.

"நல்லா பாருங்க சம்பந்தி. காய்ஞ்சா சொல்லுங்க, உள்ள இன்னும் தண்ணி இருக்கு" என்றாள்.