அருவிக்கு இன்னொரு அருவி

குழல்வாய்மொழியின் காதில் அந்தச் சிரிப்பு வருஷக்கணக்காக ஓயவேயில்லை.

1974-ல் அவள் ஆராய்ச்சி மாணவி. தன் வழிகாட்டிப் பேராசிரியர் ஹரிஹரசுப்பிரமணியனிடம் ஒரு யோசனை சொன்னாள்.

"அணுத் துகளுக கூட்டமாச் சேந்தா எப்படி நடந்துக்கிடும்னு நம்ம கம்ப்யூட்டரால கணக்குப் போட முடியாது சார். ஒரு துகள் கூடினாலே வேலை இரட்டிச்சுப் போகுது. அதே குவாண்டம் விதிப்படி நடக்கிற துகள்களை வச்சே ஒரு கம்ப்யூட்டர் செஞ்சா, அது அப்படியே நடந்து காட்டிரும்."

அவர் மற்ற மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "குற்றாலத்துக்காரி புத்தியப் பாத்தீங்களாடே? அருவிய அறிய இன்னொரு அருவி கட்டணுமாம். ஏட்டி, ஊருக்குப் போய்க் குளி. உனக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

அதன் பிறகு அவள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை. மகள் டாக்டர் பட்டம் வாங்குவாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அப்பா, அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினார். குழல்வாய்மொழி தென்காசியில் பள்ளிக்கூட டீச்சரானாள். அழவில்லை, காத்திருந்தாள்.

1983 சீசனில் அவள் பள்ளிக்கூடம் குற்றாலத்தில் ஓர் அறிவியல் கூட்டம் நடத்தியது. சிறப்புப் பேச்சாளர் அவரேதான். தலைப்பு, குவாண்டம் உலகைக் குவாண்டம் கம்ப்யூட்டரால் அறிவது. வெளிநாட்டுக்காரர்கள் சொன்ன பிறகு அவருக்கும் அது மகத்தான யோசனையாகிவிட்டது.

"வரவேற்புரை நீதான்ட்டி. பொன்னாடையும் நீயே போத்திரு" என்றாள் தலைமையாசிரியை முத்துவடிவு.

"போத்துதேன்க்கா. நல்லா இறுக்கிப் போத்துதேன்."

மேடையில் அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. விருந்தினரின் பெருமையைச் சொல்லி முடித்துப் பொன்னாடை போர்த்துவதுதான் வழக்கம்; அதுவரை அவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாக வேண்டும்.

"ஐயாவின் நகைச்சுவைக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்" என்று தொடங்கினாள். பேர் சொல்லாமல் அந்த மாணவியின் கதை முழுவதையும் சொன்னாள். அருவிக்கு அருவி என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எந்த யோசனைக்காக அந்தப் பெண்ணை விரட்டினார்களோ, அதே யோசனையைத்தான் ஐயா இன்றைக்கு நமக்கு விளக்கப் போகிறார்கள்."

சிரிப்பு நின்றது. அவள் பொன்னாடையை விரித்து அவர் தோளில் போர்த்தினாள்.

"நீ... குழல்வாய்மொழியா?" அவர் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆமா சார். குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவர் மைக்கைப் பிடித்தார். பேச்சுத் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். குழல்வாய்மொழி இறங்கிப் போய், அவர் கண்ணில் படும்படி முன்வரிசையில் நடுவாக உட்கார்ந்துகொண்டாள்.