காந்தம் பிடி விடும்வரை காத்திருந்தவர்

நைனாவின் முதலாண்டுப் பூசைக்கு வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். தந்தையார் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். கை வரவில்லை. வீட்டில் அழைத்தபடி நைனா என்றே எழுதுகிறேன்.

நைனா சாந்தோம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். கட்டுமரத்தில் போன அவருடைய தகப்பனார் திரும்பி வராததால், தாயார் மீன் விற்று அவரை வளர்த்தார். மகனைக் கடலுக்கு அனுப்புவதில்லை என்று தாயார் உறுதியாக இருந்தார். அதனால் நைனா தேனாம்பேட்டையில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்து, காலப்போக்கில் உலை மேஸ்திரி ஆனார். பஸ்ஸின் அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டிப் பதமாக்குவது அவர் வேலை. சூடு குறைந்தால் பட்டை தொய்யும். மிஞ்சினால் வெடிப்பு விட்டு ஒருநாள் ஒடியும். சரியான சூட்டை அவர் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

உலகச் சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து உதிரிச் சாமான்கள் வருவது நின்றது. பஸ்கள் பெரும்பாலும் நைனாவின் உலையை நம்பியே ஓடின.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் புறப்படும்போது என் புதுச் சேலையைப் பார்த்து, “பழுப்பு உனக்கு நல்லாத்தாம்மா கீது” என்றார்.

“இன்னாங்க இது, நல்ல சிவப்பு சேலய பழுப்புன்றீங்க” என்று அம்மா சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. என் முந்தானையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் பட்டறையில் நடந்ததை உடனிருந்த ரஹீம் பாய் பின்னால் சொன்னார். அவர் நைனாவோடு உலையில் வேலை பார்த்தவர். நைனா நேராக முதலாளியிடம் போயிருக்கிறார்.

“மொதலாளி, என் கண்ணுல சிவப்பு மங்கிகினு வருது. இன்னும் சிவக்கணும்னு நெனச்சி அதிகமா காய்ச்சிட்டேன் போல. சமீபத்துல போன பட்டைய எல்லாம் திரும்பப் பாக்கணும்.”

“யாரும் கொற சொல்லலியே மேஸ்திரி. சும்மா இரு.”

“ஒடைஞ்சா கொற சொல்ல ஆளு மிஞ்சணுமே மொதலாளி.”

“ஓடறதே கொஞ்சம் பஸ்ஸு. அதையும் நிறுத்தச் சொல்றியா?”

“நிறுத்த வாணாம். ஒண்ணொண்ணா வரச் சொல்லுங்க, பாத்து அனுப்பறேன். அதுவரைக்கும் உலைய பத்தவைக்க மாட்டேன்.”

முதலாளி கோபத்தோடுதான் சம்மதித்தார். வேறு மேஸ்திரி தேடிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்த நைனா, “வேல போனாலும் போவும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா வழக்கம்போலப் பரிமாறினார்.

ஒடித்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். ஆனால் ஒடித்ததற்குப் பதில் போட எஃகு கிடைக்காத காலம் அது. ஆகவே பட்டைகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி பூசினார்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கோடாகத் தெரியும். பல பட்டைகள் சுத்தமாக இருந்தன. அடையாறு பக்கம் ஓடிய வண்டியின் பட்டையில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு குறுக்கே எழுந்தது. அந்த வண்டியின் டிரைவர் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நேத்துகூட இஸ்கூல் புள்ளைங்கள ஏத்திக்கினு பாலத்து மேல போனேன் மேஸ்திரி.”

முதலாளியும் அங்கே நின்றிருந்தார். மற்ற வண்டிகளையும் வரவழைக்க அவரே ஆள் அனுப்பினார்.

ஆனால் இனி உலையை நடத்துவது எப்படி? நான் அப்போது கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். எஃகு நன்றாகச் சிவக்கும் சூட்டுக்கு வந்ததும் காந்தம் அதில் ஒட்டாது என்று வகுப்பில் செய்து காட்டியதை நைனாவிடம் சொன்னேன்.

“ஒடைக்காம, கண்ணால பாக்காம, சூடு தெரிஞ்சிடுமா?” என்று இரண்டு முறை கேட்டார்.

பழைய மோட்டார் ஒன்றிலிருந்து லாடக் காந்தத்தைக் கழற்றி, நீண்ட கம்பியில் கட்டி உலைக்குள் நீட்டினார்கள். அதிக நேரம் உள்ளே வைத்ததில் காந்தத்தின் சக்தியே போய்விட்டது. “மேஸ்திரி, காந்தம் மௌத்தாயிடுச்சி” என்றாராம் ரஹீம் பாய். பல நாளைக்குப் பிறகு நைனா அன்றுதான் சிரித்தார். அதன்பின் தொட்டவுடன் இழுத்துத் தண்ணீரில் நனைக்கப் பழகினார்கள். காந்தம் பட்டையின் எந்த இடத்திலும் பிடிக்காமல் நழுவியதும், சற்றே பொறுத்து, பட்டையை எண்ணெயில் இறக்குவார் நைனா. பின்னால் வரும் இளஞ்சூட்டைக் காந்தம் காட்டாது. அதை ரஹீம் பாயின் கண் பார்த்துக்கொண்டது. முதலாளி வேறு மேஸ்திரியைத் தேடவே இல்லை.

சண்டை முடிந்த பிறகும் நைனா உலையை விடவில்லை. நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும், பார்க்க வந்த ரஹீம் பாயிடம் பட்டறையைப் பற்றித்தான் பேசினார். சென்ற ஆண்டு, நாங்கள் அனைவரும் அருகிலிருக்க, அமைதியாகக் கர்த்தரின் பாதம் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு மாறி மாறிக் காவலிருந்த ரஹீம் பாய்க்கும், சிகிச்சை அளித்த டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், வண்டி அனுப்பி உதவிய முதலாளிக்கும், ஜெபித்த சாமியாருக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று கல்லறை வரை நடந்தே வந்த பஸ் டிரைவர்களுக்கும் நன்றி. அவர்களில் அடையாறு வண்டிக்காரர் அம்மாவிடம் சொன்னார்: “அவரு அன்னிக்கு வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்மா. இருந்திருந்தா இன்னிக்கு நான் வந்திருக்க மாட்டேன்.”

அம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எங்கள் நடுவே உட்காரச் சொன்னார்.