கார்த்திகை வரைக்கும் போடாத

ஜெயந்தி போய்விட்ட செய்தி வந்தபோது நான் கொரியர் ஆபீஸில், மதுரைக்கு அனுப்பவேண்டிய ஒரு மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் அடங்காமல், எரிச்சலோடு நின்றிருந்தேன். பேசியது அவள் கணவர் சேகர் அண்ணன். "சுதாம்மா, ஜெயந்தி போயிட்டா. மார் வலிக்குதுன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி." பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

செங்கம் ரோட்டில் அறை வாடகைக்கு விடும் உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலைக்கும் ஆசிரமத்துக்கும் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் பங்குனி வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்புவார்கள், திரும்பி வந்தால் கார்த்திகை தீபத்துக்குத்தான். அவர்கள் விட்டுப்போகும் சைக்கிள், அடுப்பு, மெத்தை, புத்தகம் எல்லாவற்றையும் வாங்கி ஆன்லைனில் விற்பதுதான் எங்கள் இருவரின் பிழைப்பு. அலைந்து பிடிப்பது அவள். படம் எடுத்துப் போட்டு, பார்சல் கட்டுவது நான்.

வாங்கப் போகிற இடத்தில் அவள் பொருளை உடனே தொடமாட்டாள். உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். எனக்கோ அந்தப் பொறுமை கிடையாது. ஒரு முறை ஓர் இத்தாலிக்காரப் பெண் தன் தம்புராவைப் பாதி விலைக்கே தர முன்வந்தாள். ஜெயந்தி வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். "விக்கிறவங்க மூஞ்சியப் பாருடி முதல்ல. அவ மனசில்லாம குடுக்கிறா." நல்ல லாபம் போச்சே என்று வழியெல்லாம் திட்டினேன். கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தாள்.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு தப்பு நேர்ந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு வீட்டு ஓனர், "அந்த கல்கத்தா தாத்தா இனிமே வரமாட்டாரு" என்று ஓர் அறைச் சாமான் முழுவதையும் எங்கள் தலையில் கட்டினார். அதில் பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைத்த ஒரு போர்வை இருந்தது. படம் போட்ட அன்றே கோயம்புத்தூரில் ஒரு பெண் வாங்கிவிட்டாள். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் தாத்தா வந்து நின்றார். இத்தனை நாளும் சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். மற்ற எதையும் அவர் கேட்கவில்லை. போர்வையை மட்டும் கேட்டார். இறந்துபோன மனைவி தைத்தது.

மறுநாளே ஜெயந்தி கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். அந்தப் பெண் போர்வையை வெட்டிக் குஷன் உறைகளாகத் தைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஜெயந்தி உறைகளைத் திரும்ப வாங்கிவந்து தாத்தாவின் மடியில் வைத்து, "தப்பு எங்களுதுதாங்க" என்றாள். அவர் ஒன்றை விரித்துப் பார்த்தார், மடித்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெயந்தி அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதன்பிறகு, குடியிருந்த ஆள் இல்லாமல் ஓனர்கள் விற்கிற சாமானையெல்லாம் அவள் ஆன்லைனில் போடவிடாமல் தன் வீட்டிலேயே அடுக்கிவைத்தாள். "கார்த்திகை வரைக்கும் போடாத சுதா. வர்றவங்க அதுக்குள்ள வந்துடுவாங்க." வீட்டில் கால் வைக்க இடமில்லை என்று சேகர் அண்ணன் புலம்புவார். போட்ட முதல் முடங்குதே என்று நான் கத்துவேன். "முடங்கினா முடங்கட்டும், கம்மியா சாப்பிடு" என்பாள். ஒருத்தர் உண்மையிலேயே திரும்பி வந்தார், ஒரு பழைய குக்கருக்காக. அதற்கே நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

காரியம் முடிந்த மறுவாரம் சேகர் அண்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறை முழுக்கச் சாமான். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயி ஆன்லைன்ல போட்டுடும்மா. பார்த்தாலே அவ ஞாபகம் வருது." ஓரத்தில் அவளுடையதையும் சேர்த்து வைத்திருந்தார். தையல் மெஷின், இரண்டு பட்டுப்புடவை, வெயிலில் அலையும்போது போட்டுக்கொள்ளும் தொப்பி.

"கார்த்திகை வரைக்கும் எதையும் போடமாட்டேண்ணா" என்றேன்.

"ரூம் சாமான் சரி. அவளுதையுமா? அவ எங்கம்மா வரப்போறா?"

"வரமாட்டாண்ணா. தெரியும்."

 அவர் மெஷினை என்னோடு சேர்ந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

லாபத்துக்கு உதவாத அவளுடைய அந்த ஒரு பழக்கத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் குடியிருந்தவர்கள் யாராவது திரும்பி வந்தால் என் வீட்டுக்கு அனுப்புங்கள். அவர்களுடையதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஜெயந்தியுடையதைக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. இருந்தாலும் கார்த்திகை வரட்டும்.