மிலிட்டரி வீட்டின் இரும்புக் கேட்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தைத் தெருக்காரர்கள் மிலிட்டரி வீடு என்பார்கள். கட்டியவர் ஓய்வு பெற்ற சுபேதார், கீழ்வீட்டில் தனியாக இருந்தார். பட்டாளத்தில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுவார். புருஷன்மார் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லையில் இருக்க, பிள்ளைகளின் படிப்புக்காக மாடியில் நான்கு வீடுகளில் நான்கு பெண்கள் இருந்தோம். "நிம்மதியாப் போயி டூட்டி பாருப்பா, கேட்டு சாவி என் இடுப்புல கீது" என்று ஒவ்வொரு புருஷனுக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்குத் தவறாத மனிதர். மாடிப்படியின் அடியில் இழுத்து மூடும் இரும்புக் கேட் இருந்தது. அவர் வீட்டில் இருந்தால் திறந்திருக்கும். வெளியே கிளம்பினால் பட்டப்பகலானாலும் எங்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு. பக்கத்து வீட்டுப் பையன்கள் பார்க்கிறார்களாம். மாட்டைக்கூட யாரும் இப்படிக் கட்டிப் போட மாட்டார்கள். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அவர் மேல் ஏகப்பட்ட மரியாதை.

குறைகளை எழுத ஒரு நோட்டைப் படியோரம் ஆணியில் மாட்டியிருந்தார். எழுதினால் மறுநாள் சிவப்பு மையில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவார். படிக்கு அடியில், மீட்டர் பெட்டியை ஒட்டி, தன் வல்லத்து நிலத்தில் விளைந்த மல்லாட்டைக் கடலை மூட்டைகளையும் காலிச் சாக்குகளையும் அடுக்கியிருந்தார். பெட்டியில் அடிக்கடி பொறி பறந்தது. எழுதினேன். பார்த்தேன் என்றார். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றும் வாங்கினார். பிள்ளைகள் நோண்டிக் கெடுத்துவிடும் என்று அதைத் தன் வீட்டுக்குள்ளேயே பீரோவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தீப்பிடித்தால் பீரோ மட்டும் பிழைக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

பக்கத்து வீட்டில் இருந்தவள் என்னைவிடச் சின்னவள், பெருமுக்கல் ஊர்க்காரி. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவள்தான் ஒருநாள் கேட்டாள். "யக்கா, நெருப்பு கிருப்பு புட்ச்சிக்கினா எப்டிக்கா கீழ போறது? நம்மகிட்டயும் ஒரு சாவி இருக்கட்டும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. மாடிக்கு ஒரு சாவி வேண்டும் என்று நோட்டில் எழுதினேன். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மை வரவில்லை. சாயங்காலம் என் புருஷனிடமிருந்து போன் வந்தது.

"சாவி கேட்டியாமே?"

"ஆமாங்க."

"எங்க போறதுக்கு?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி. மறுநாள் நானே என் வரியை அடித்துவிட்டு வந்தேன். "வுடுடி, எதுக்கு வீண் பேஜாரு" என்று அவளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுபேதார் வழக்கம்போலப் பூட்டிக்கொண்டு திருவக்கரை அம்மன் கோவிலுக்குப் போனார். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும், படி வழியாகக் கரும்புகை ஏறி வந்தது. மீட்டர் பெட்டி வெடித்துச் சாக்குகள் பற்றிக்கொண்டிருந்தன. அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் கீழே ஓடினாள். பூட்டியிருப்பது தெரியாதா அவளுக்கு? தெரியும். ஆனாலும் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். இரும்பு கொதித்துப் போயிருந்தது. அவள் கத்திய கத்தலில் குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்து அவளை மேலே இழுத்து வந்தேன்.

எதிரே வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சமையலறைப் பக்கத்து பால்கனி வழியாகக் குழந்தையை முதலில் இறக்கினோம். அப்புறம் அவளை. தீயணைப்பு வண்டி வந்து பூட்டை வெட்டியபோது மாடியில் யாரும் இல்லை.

சுபேதார் குங்குமத்தோடு வந்து சேர்ந்தார். தெருவில் நைட்டியோடு நின்றிருந்த எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். "அம்மாதான் காப்பாத்தினா. கேட்டு பூட்டி இருந்ததால கண்டவன் உள்ள பூந்துடாம இருந்தான்" என்றார். அந்த ஆளை அங்கேயே அறைந்திருக்க வேண்டும். நெற்றியை நீட்டிக் குங்குமம் வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சோறு ஊட்டியது நான்தான். இரண்டு உள்ளங்கையும் வெந்து, ஆறிய பிறகும் விரல்கள் மடங்கவில்லை. குழந்தைக்குச் சடை போட என்னிடம்தான் அனுப்புவாள். நான் அடித்துவிட்டு வந்த அந்த வரியைப் பற்றி அவள் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

லீவில் வந்த புருஷன்மார் சுபேதார் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். காபி போட்டுக் கொடுத்தது நாங்கள். மூட்டைகளை எடுப்பது, மீட்டரை மாற்றுவது, கெட்டியான புதுக் கேட் போடுவது, குடும்பத்துக்கு ஒரு சாவி கொடுப்பது என்று முடிவானது. கதவோரம் நின்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுபேதார் சாவிகளை எண்ணி அவரவர் புருஷன் கையில் கொடுத்தார். என்னவர் அதைத் தன் டிரங்குப் பெட்டிச் சாவியோடு கோத்துக்கொண்டார்.

லீவு முடிந்து வழியனுப்ப விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வரும்போது கேட்டேன்.

"கேட்டு சாவிய குடுத்துட்டுப் போங்க."

"அது எங்கிட்ட பத்திரமாதான் கீது. அவசரம்னா ஒரு போன் பண்ணு, நான் ஜல்தியா அவருக்கு சொல்லிட்றேன்."

வண்டி கிளம்பிவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறித் திண்டிவனம் வந்து சேர்ந்தேன். புதுக் கேட் பூட்டியிருந்தது. சுபேதார் எங்கேயோ போயிருந்தார். நான் கேட்டைத் தட்டிய சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி படியிறங்கி வந்தாள். கேட்டுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றுகொண்டாள்.

"சாவி வாங்கிக்கினீங்களாக்கா?" என்றாள்.