காய்ச்சல் வூட்டு பிரட்டு ஏலம்

எங்க சைடுல ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்லன்னா மொதல்ல பிரட்டு வரும், பின்னாடி தான் சொந்தக்காரங்க வருவாங்க. இன்னா வியாதின்னு கேக்கவே மாட்டாங்க. காலு ஒடஞ்சாலும் பிரட்டு, கண்ணு ஆபரேஷனுக்கும் பிரட்டு. எனக்கு டைபாய்டு வந்தப்ப வந்த பிரட்டுல எங்க தெரு நாய்ங்க எல்லாம் ஒரு சுத்து பெருத்துச்சிங்க. நல்ல பழக்கம் தானன்னு நானும் நெனச்சிகினு இருந்தேன், அக்கா பொண்ணுக்கு காய்ச்சல் வர வரைக்கும்.

மாமல்லபுரத்த ஒட்டி கடலோரம் எங்க குப்பம். மாமா, அதான் அக்கா புருஷன், போட்டுல கடலுக்கு போறாரு. அக்கா கரையில மீன ஏலத்துல எடுத்து மார்க்கெட்டுல விக்கிது. நானும் அம்மாவும் அவங்க கூட தான். நான் டிகிரி முடிச்சிட்டு வேல தேடிகினு கீறேன், அதாவது வூட்டுல எவன் கூப்புட்டாலும் ஓடணும். பாப்பாவுக்கு ஏழு வயசு. வாய கேட்டா எழுபதுன்னு சொல்லுவீங்க.

போன மழைக்கு எங்க தெரு புள்ளைங்களுக்கு எல்லாம் வாந்தி பேதி. வைரஸுன்னாங்க. எல்லாம் ரெண்டு மூணு நாள்ல எழுந்து பந்து ஆட போயிட்ச்சிங்க. எங்க பாப்பா மட்டும் எழுந்துக்கல. மாசக்கணக்கா வயித்தால போய்கினே கீது. வயிறு குடம் மாரி, கை காலு குச்சி மாரி. பூச்சி மருந்து குடுத்தாச்சி, கறுப்பு கயிறு கட்டியாச்சி, மொளகா சுத்தி போட்டாச்சி. அக்கா வேற தெம்பு வரட்டும்னு நைட்டான சப்பாத்தியா சுட்டு ஊட்டிகினு இருந்துச்சி. அது தான் ஆப்புன்னு யாருக்கு தெரியும்.

கடைசியா செங்கல்பட்டுல ஒரு கொழந்தைங்க டாக்டரம்மா ரத்தம் எடுத்தாங்க, வாய் வழியா டியூப் வுட்டு கொடல பாத்தாங்க. சீலியாக்னு பேரு சொன்னாங்க. கோதுமையில இருக்கற ஒரு சத்து உள்ள போனா, இவ ஒடம்பு இவ கொடலயே எதிரின்னு நெனச்சி அடிக்குதாம். ஆயுசுக்கும் கோதும, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆவாது.

"அந்த வாந்தி பேதியால வந்துச்சா மேடம்?" அக்கா கேட்டுச்சி.

"இருக்கலாம்மா. பொறக்கும்போதே அந்த வாகு இருக்கற புள்ளைங்களுக்கு சில வைரஸ் வந்து கெளப்பி விடுதோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. இவளுக்கு அது தான்னு அடிச்சி சொல்ல முடியாது. வைரஸ் போயிடும், இது போவாது."

எனக்கு எப்டி புரிஞ்சிச்சின்னா, வூட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தான், போவும்போது எதோ ஒரு சுச்ச போட்டுட்டு போயிட்டான். எந்த சுச்சுன்னும் தெரியல, ஆஃப் பண்ணவும் முடியல.

அடுத்த செக்கப்புக்குள்ள வெயிட்டு ஏறணும், ஏறலன்னா அட்மிட் பண்ணி பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பாப்பாவுக்கு ஊசின்னா உசுரு போயிடும். போன தடவ டிரிப்ஸ் ஏத்த நாலு பேரு புடிச்சாங்க, அதுல ஒருத்தர் கைய கடிச்சி வச்சிட்ச்சி. அதனால வூட்டுல மிலிட்டரி ரூலு. அம்மா போடற கூட்டு பெருங்காயத்துல கூட கோதும மாவு கலக்கறாங்கன்னு நான் கண்டுபுடிச்சி தூக்கி கடாசிட்டேன். பெருங்காயம் இல்லாத ரசத்த எனக்கு ஊத்தும்போதெல்லாம் அம்மா ஒரு லுக்கு வுடும். கொலகாரன பாக்கற லுக்கு.

எல்லாம் சரியா போய்கினு இருக்கறப்ப, செக்கப்புக்கு கொஞ்ச நாள் முன்னாடி பாப்பாவுக்கு காய்ச்சல். மாமல்லபுரம் கிளினிக்குல பாத்தாங்க. "இது சாதா வைரல் ஃபீவர், தானா எறங்கிடும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. காய்ச்சல் எறங்கறதுக்குள்ள நியூஸ் ஈசிஆர் பஸ் ஏறி போயிட்ச்சி.

மொத ஆளா கடப்பாக்கத்துலேருந்து பெரியம்மா வந்து எறங்குச்சி. கையில பெரிய பை. பிரட்டு, ரஸ்க்கு, மால்ட்டு டப்பா.

"பெரியம்மா, பாப்பாவுக்கு கோதும ஆவாதுன்னு சொன்னோம்ல?"

"தெரியும்டா. அதான் மைதா பிரட்டா பாத்து வாங்கியாந்தேன்."

"மைதாவும் கோதும தான்."

"இன்னாடா ஒளர்ற. கோதும செவப்பா கீது, இது வெள்ளையா கீதுல்ல?"

"சரி, ரஸ்க்கு?"

"அது காஞ்சது. காஞ்சா கோதும போயிடும்."

காலேஜுல மூணு வருஷம் நான் படிச்ச எதுவும் இதுக்கு பதில் சொல்ற மாரி இல்ல. திருப்பி குடுத்தா பெரியம்மா மூஞ்சி தூக்கிக்கும், அடுத்த கல்யாணத்துல பேசாது. தூக்கி போடவும் அம்மா வுடல, "சாப்புடற பொருள குப்பையில போடுவியாடா?" அதனால ஃபிரிட்ஜு மேல அடுக்கி வச்சோம். பின்னாடியே கருங்குழி அத்த வந்துச்சி, மாமாவோட போட்டு ஆளுங்க வந்தாங்க, எதிர் வூட்டு அண்ணி வந்துச்சி. எல்லார் கையிலயும் பிரட்டு. ஃபிரிட்ஜு மேல ஒரு கோபுரமே எழும்பிட்ச்சி. நாங்கல்லாம் சோறு தான், யாரும் தொடல.

காய்ச்சல் போயிட்ச்சி. அப்பறம் பாத்தா கோபுரம் கொறயுது.

மொதல்ல ரஸ்க்கு காணோம். அப்பறம் ரெண்டு பிரட்டு. அப்பறம் மால்ட்டு டப்பா. அக்கா மூஞ்சி வெளுத்துட்ச்சி.

"நீ துன்னியாடி?"

"நான் துன்னல."

"வாய தொற."

தொறந்துச்சி. அக்கா மோந்து பாத்துச்சி. "மீன் வாட தான் வருது."

மாமா மெதுவா என் பக்கம் திரும்புனாரு. "மச்சான், நீ எதனா..."

"மாமா, நான் வேல இல்லாதவன் தான். அதுக்குன்னு டப்பாவோட மால்ட்டு துன்ற ஆளு இல்ல."

யாரும் நம்பல. அன்னிக்கி மதியானம் அக்கா மீன் கூடைய கூட எடுக்கல. வாசப்படியில குந்திகினு, "இத்தினி நாள் காப்பாத்துனது எல்லாம் போச்சா? மறுபடியும் அந்த ஊசியா?"ன்னு என்னையே கேட்டுச்சி. எப்பயும் என்ன தண்ட சோறுன்னு கூப்புடற அக்கா, என்கிட்ட போயி கேக்குது. சரி, கையும் களவுமா புடிச்சிடலாம்னு மறுநாள் சாயங்காலம் பாப்பா பின்னாடியே போனேன். எனக்கு பின்னாடி அக்கா.

பாப்பா பாவாடைக்குள்ள எதையோ ஒளிச்சிகினு போட்டு நிறுத்தற எடத்துக்கு ஓடுச்சி. ஒரு போட்டு பின்னாடி மறஞ்சி நின்னு எட்டி பாத்தோம்.

கவுத்து போட்ட ஐஸ் பொட்டி மேல பாப்பா நிக்கிது. கீழ தெரு வாண்டுங்க எல்லாம் சுத்தி குந்திகினு கீதுங்க. பாப்பா கையில பிரட்டு பாக்கெட்டு.

"நல்லா பாத்துக்க, பிரிக்காத சரக்கு. கடப்பாக்கம் சரக்கு. யாரு கேக்கறீங்க?"

"ரெண்டு கடல முட்டாய்," ஒரு பையன் சொன்னான்.

"ரெண்டா? போய் உங்க நைனாவ இட்டுகினு வா, போ."

"மூணு கடல முட்டாய், ஒரு பொரி உருண்ட," இன்னொரு பொண்ணு.

"நான் கிரீம் பிஸ்கட்டு பாக்கெட்டே தரேன்," பின்னாடிலேருந்து ஒருத்தன்.

அக்கா என் கைய புடிச்ச புடியில நகம் பதிஞ்சிட்ச்சி.

பாப்பா அந்த பிஸ்கட்ட பாத்துச்சி. நல்லா நின்னு பாத்துச்சி. எச்சிய முழுங்குனது எங்களுக்கே தெரிஞ்சிச்சி.

"பிஸ்கட்டு செல்லாது. எனக்கு கோதும ஆவாது, தெரியாதா ஒனக்கு? மூணு முட்டாய் ஒரு உருண்ட, ஒரு தரம். ரெண்டு தரம்..."

மூணாவது தரத்துக்குள்ள அக்கா போட்டு பின்னாடிலேருந்து வெளிய போயிட்ச்சி. வாண்டுங்க செதறி ஓடுச்சிங்க. பாப்பா மட்டும் பொட்டி மேலயே நின்னுகினு, "நான் துன்னலம்மா, வித்தேன்"னு சொல்லிச்சி.

அக்கா அவள தூக்கி இடுப்புல வச்சிகிச்சி. கண்ணு தொடச்சிகிச்சி. அப்பறம் கேட்டுச்சி, "மால்ட்டு டப்பா எதுக்குடி போச்சு?"

"ஒரு சொம்பு அவிச்ச வேர்க்கல்ல."

"அவ்ளோ பெரிய டப்பாவ ஒரு சொம்பு கல்லைக்கா வுட்ட? ரெண்டு சொம்பு கேக்க மாட்ட? மீன்காரி வயித்துல தான பொறந்த?"

அப்பறம் மீதி ஏலம் எல்லாம் அக்கா மேற்பார்வையில தான் நடந்துச்சி. வர்ற முட்டாய் எதுல செஞ்சதுன்னு செக் பண்றது என் டூட்டி. வாழ்க்கையில எனக்கு கெடச்ச மொத வேல.

செக்கப்புக்கு செங்கல்பட்டு போனோம். பாப்பா மெஷின்ல ஏறி நின்னுச்சி. நம்பர பாத்துட்டு டாக்டரம்மா சிரிச்சாங்க. "நல்லா ஏறிருக்கே. அட்மிட்டும் வேணாம், ஊசியும் வேணாம். அப்டி என்ன குடுத்தீங்க?"

நாங்க வாய தொறக்கறதுக்குள்ள பாப்பா சொல்லிட்ச்சி. "சோறு, மீனு, அப்பறம் யாவாரத்துல வந்தது."

டாக்டரம்மா எங்கள பாத்தாங்க. நாங்க ஃபேன பாத்தோம்.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பாப்பா என் மடியில குந்திகினு வெரல மடக்கி எதையோ எண்ணிகினே வந்துச்சி. அப்பறம் காதுகிட்ட வந்து மெதுவா கேட்டுச்சி.

"மாமா, ஸ்டாக்கு தீந்துட்ச்சி. நீ எப்போ காய்ச்சல்ல படுப்ப?"